ஒரு மரக்கால் தவிடு

1

நேற்று அந்தோனியார் திருநாள். சைகோனில் இருக்கும் நம்மவர்கள் வழக்கம்போல ஒரு பூசை, ஒரு போட்டோ, ஒரு சண்டை ஆகிய மூன்றையும் குறைவில்லாமல் நடத்தி முடித்தோம். சண்டை போட்டோவைப் பற்றியது. நாற்காலியில் யார் உட்காருவது, பின்னால் யார் நிற்பது என்று அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் புதுச்சேரிக்காரர்கள் உட்கார்ந்தார்கள், காரைக்கால்காரர்கள் நாங்கள் நின்றோம். வடக்கே பிரெஞ்சுக்காரன் யுத்தத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறான், எப்போது மூட்டை கட்டச் சொல்வார்களோ தெரியவில்லை. அங்கே காரைக்காலில் உங்கள் தலைக்கு மேலும் கொடி மாறப் போகிறது என்று எழுதுகிறீர்கள். எது மாறினாலும் போட்டோவில் எங்கள் இடம் மாறாது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் என் மகள் மார்கெரித் ஒரு கடிதத்தை நீட்டினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, இந்த நாட்டு அன்னமித்துப் பாஷையும் அப்படியே. தமிழை மட்டும் விருந்தாளிக்கு வைத்திருக்கும் பீங்கான் கோப்பையைப்போல எப்போதாவது எடுத்துத் துடைத்துப் பேசுவாள். கடிதம் அவள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ எழுதியது. வகுப்பில் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு புனிதரை, நம் வழக்கில் அர்ச்சியசிஷ்டவரை, பற்றிப் பேசச் சொன்னார்களாம். இவள் எழுந்து, தன் தகப்பனாரைக் குழந்தையில் அந்தோனியார் கோயில் வாசலில் வைத்து ஒரு மரக்கால் தவிட்டுக்கு விற்றுவிட்டதாகவும், போன வருஷம்தான் திரும்ப வாங்கினார்கள் என்றும், வாங்கும்போது தானும் கூட நின்றதாகவும் சொல்லியிருக்கிறாள். வகுப்பு சிரித்திருக்கிறது. 'உங்கள் மகளுக்குப் பொய் சொல்லும் பழக்கம் இருக்கிறதா என்பதைத் தயவுசெய்து எழுத்து மூலம் தெரிவிக்கவும்' என்று கடிதம் முடிந்திருந்தது.

நான் இவ்வூரில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று பதினேழு வருஷமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். என் கையெழுத்து விழாமல் இந்தப் பேட்டையில் ஒருவரும் பிறந்ததாக ஆகாது. அந்தக் கையாலேயே, நல்ல உருண்டையான எழுத்தில் பதில் எழுதினேன்: 'வணக்கத்துக்குரிய தாயாருக்கு, என் மகளுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம். கண்டித்துவிட்டேன்.'

மார்கெரித் அதை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒருமுறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நான். அந்தக் கன்னியாஸ்திரீக்கு உண்மையை விளக்க என் பிரெஞ்சு போதாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. உங்களுக்கானால் விளக்கவே வேண்டாம், தவிட்டுப் பிள்ளை என்றால் உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நடுவில் இவ்வளவு கடல் இருப்பதால் நீங்கள் என்னை வந்து ஒன்றும் கேட்க முடியாது என்பதும் ஒரு தைரியம்.

2

என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் மூன்று பிறந்தன. மூன்றும் நாற்பது நாள் தாண்டவில்லை. நான்காவதாக நான் வந்ததும் எங்கள் ஊர் தலத்தெருவே கூடி யோசித்து, 'இதைத் தவிட்டுக்கு வித்துடு' என்று சொல்லிவிட்டது.

சட்டம் இதுதான். பிள்ளையைத் திருநாளன்று கோயில் வாசலுக்கு எடுத்துப்போய், ஒருத்தியிடம் ஒரு மரக்கால் தவிடு வாங்கிக்கொண்டு விற்றுவிட வேண்டும். விற்ற பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே வளரும். ஆனால் அது வாங்கியவளுடைய பிள்ளை. எமன் வந்து கதவைத் தட்டினால், 'இங்க எங்க பிள்ளைன்னு ஒண்ணும் இல்லியே' என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லி அனுப்பிவிடலாம். ஏழு வயது நிறைவதற்குள் அதே கோயிலில், அதே திருநாளில், அதே மரக்கால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பெற்றவள் பிள்ளையை மீட்டுக்கொள்வாள். கத்தோலிக்க வேதத்தில் எமனுக்கு இடமில்லை என்று சாமியார் எத்தனையோ பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இடம் இருந்தது.

வாங்குகிறவளும் யாரோ ஒருத்தியாக இருந்துவிட முடியாது. 'எமனே படியேற அருவருக்கிற வீடாப் பாத்துக் குடுக்கணும்' என்பாள் அம்மா. இதை அவள் ஒளித்து மறைத்துச் சொன்னதில்லை, சாமர்த்தியமாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்வதுபோலத்தான் சொல்வாள். எங்கள் எமன் சாதி பார்க்கிறவன் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. எங்கள் வயலில் நாற்று நடுகிற சவேரியாயியைப் பிடித்தார்கள். அவளும் வேதக்காரிதான். எங்களுக்குப் பூசையில் நன்மை அப்பம் கொடுக்கிற அதே சாமியார்தான் அவளுக்கும் கொடுப்பார். கோயிலுக்குள் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மரத்தடுப்பு உண்டு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அந்தோனியார் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

சவேரியாயிக்கு அப்போது இருபது வயது இருக்கும். திடமான இரண்டு பிள்ளைகள். தவிட்டைக் கொட்டிவிட்டு என்னை இரு கையிலும் ஏந்தி, 'இது எம்புள்ள' என்று மூன்று தடவை சத்தமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாளாம். அதோடு அவள் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. அம்மாவுக்குப் பால் இல்லை. அந்த நாற்பது நாளும் சவேரியாயி கொல்லைப்புறமாக வந்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து எனக்குப் பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது நேர்ச்சையில் சேர்ந்ததல்ல. ஆகையால் யாரும் அதைப் பேச்சில் எடுப்பதில்லை.

எனக்கு ஐந்து வயதாகும்போது அப்பாவுக்குச் சைகோனில் போலீஸ் உத்தியோகம் கிடைத்தது. கப்பலேறினோம். புறப்பட்ட மூன்றாம் நாள் அம்மா திடீரென்று எழுந்து உட்கார்ந்து, 'ஐயோ, இவன மீக்கலியே' என்றாள். 'தவிட்டுக்காகக் கப்பலைத் திருப்பச் சொல்ல முடியுமாடி?' என்று கேட்டுவிட்டு அப்பா மறுபக்கம் புரண்டு படுத்தார்.

அதிலிருந்து அவள் என்னை மகன் என்று கூப்பிட்டதில்லை. மீட்காத பிள்ளையை மகன் என்று வாய்விட்டுச் சொன்னால் எமனுக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடுமாம். எனக்குப் பின் பிறந்த தங்கையை 'எங்கண்ணு, எம்மவளே' என்பாள். என்னை, 'சவேரியாயி மவனே, சோறு ஆறுது, வா' என்பாள். சைகோன் தெருவில் எனக்கு மீசை முளைக்கும்வரை அப்படித்தான் கூப்பாடு. மற்ற பையன்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு அது வலித்தது. கல்யாணமாகி, தலை வழுக்கை விழுந்து, உத்தியோகத்தில் நாலு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற நிலைமைக்கு வந்த பிறகும் வலித்தது.

3

அப்பா இங்கேயே காலமானார். அம்மா தலத்தெருவுக்கே திரும்பிப் போய்விட்டாள். நான் இரண்டு தடவை விடுப்பில் போனேன். இரண்டும் கிறிஸ்துமஸ் சமயம், திருநாளுக்குப் பொருந்தவில்லை. பிறகு உலகச் சண்டை வந்து கப்பலே நின்றுபோயிற்று. போன வருஷத் தொடக்கத்தில் யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் வந்தது. 'கால் வீங்கிப்போச்சு. இன்னொரு மழைக்காலம் தாங்க மாட்டேன். என் குழியில மண்ணு போட எனக்கு மகன் வேணும். ஊரார் வீட்டுப் பிள்ள போடற மண்ணு எனக்கு வேணாம். வைகாசிக் கடைசியில திருநாளைக்கு வந்துடு, மீட்டுடறேன்.'

ஆறு மாத விடுப்புக்கு எழுதிப் போட்டேன். காரணம் என்று ஒரு வரி இருந்தது. 'தாயார் என்னை வாங்க விரும்புகிறார்' என்று எழுத முடியுமா? 'குடும்பச் சொத்து விவகாரம்' என்று எழுதினேன். பார்க்கப்போனால் அது பொய்யும் இல்லை.

என் மனைவிக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது, என் அம்மாவும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆகையால் மார்கெரித்தை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி. புதுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து ரயில். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பிரெஞ்சுக்காரன் ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரன் ஊருக்குப் போக நடுவில் இந்தியாவைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது ஒரு தடவை பெட்டியைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், மறுபடி திறக்க வேண்டும். காரைக்கால் எல்லையில் இந்தியச் சுங்கத்து உத்தியோகஸ்தர் ஒருவர் என் கடவுச்சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரெஞ்சுப் பிரஜையா?"

"ஆமாங்க."

"சொந்த ஊரு?"

"தலத்தெரு."

"அப்ப நம்ம ஊருதானே நீங்க?"

இதற்கு ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"வந்த காரணம் என்னாங்க?"

"குடும்ப விஷயம்."

"கல்யாணமா, சாவா? ரெண்டுக்குத்தான் இதுல கட்டம் இருக்கு."

"ரெண்டும் இல்லீங்க, ஒரு நேர்ச்சை."

அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு பாவம் பார்த்து, 'கல்யாணம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு உள்ளே விட்டார். எனக்கு வந்த கோபத்தை வெளியில் காட்ட முடியவில்லை. சைகோனில் மற்றவர்களை நான் தினமும் இப்படித்தான் கட்டத்துக்குள் அடைக்கிறேன்.

தலத்தெரு வீட்டில் அம்மா தவிட்டைத் தயாராக வைத்திருந்தாள். மில்லில் வாங்கிய தவிடு செல்லாதாம். அந்தக் காலத்தில் உலக்கையால் குத்திய தவிட்டுக்குத்தானே விற்றது? அதற்காகவே ஆள் வைத்து நெல் குத்திப் புடைத்து ஒரு பானையில் மூடிக் கட்டியிருந்தாள். கால் இரண்டும் தூண்போல் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டியா சவேரியாயி மவனே. இன்னும் மூணு நாளைக்கு அப்படித்தான் கூப்பிடுவேன், கோச்சுக்காத" என்றாள்.

மார்கெரித் என் காதருகில் பிரெஞ்சில், "அப்பா, உங்கள் தொப்பியையும் சேர்த்தா வாங்குவார்கள்?" என்று கேட்டாள். நான் அதட்டினேன்.

4

கோயிலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்ப் பெரியவர்கள் என் பேரில் பிராது கொடுப்பார்கள். தலத்தெருவிலிருந்து மாட்டு வண்டியில் போனோம். வாய்க்காலெல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தது. அதில் இறங்கி ஏறும்போதெல்லாம் அம்மா தவிட்டுப் பானையை மடியில் இறுக்கிக்கொண்டாள். நான் என் தொப்பியை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

திருநாள் கூட்டம் நீங்கள் பார்த்ததுதான். உப்பும் மிளகும் கொட்ட வந்தவர்கள், மொட்டை போட வந்தவர்கள், ஆடு காணாமற்போய்ச் சொல்ல வந்தவர்கள், கிடைத்துவிட்டது என்று சொல்ல வந்தவர்கள். பொட்டு வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களும் எங்களைவிட அதிகம். காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோனியாருக்கு இணை கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. என் விஷயத்தில் மட்டும் முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு அவசரம் இல்லை.

திருநாளின் பெரிய பூசையான கூடுபாடல் பூசை முடிந்தது. தவிட்டுச் சடங்கு சாமியாருக்குப் பிடிக்காது. அதனால் அந்த நேரத்தில் அவர் காப்பி குடிக்கப் போய்விடுவார், பார்க்காததைக் கண்டிக்கவும் வேண்டியதில்லை. பொறுப்பு கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாருடையது. ஒல்லியான மனிதர், காதில் பென்சில். எங்களுக்கு முன்னால் இரண்டு கைக்குழந்தைகளை விற்று, ஒரு சிறுமியை மீட்டு முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"பிள்ள எங்க ஆச்சி?"

அம்மா என்னைக் காட்டினாள்.

உபதேசியார் என் தொப்பியையும் கால்சட்டையையும் பார்த்தார். சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருவன் சிரித்து, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்கள்தான் உரக்கச் சிரித்தார்கள்.

"வித்ததுக்கு அத்தாட்சி ஏதாச்சும் இருக்குங்களா?" என்று என்னைக் கேட்டார்.

ஐயா, பதினேழு வருஷமாக ஏழை எளியதுகளை அத்தாட்சி கேட்டு நடையாய் நடக்கவிட்டவன் நான். அன்றைக்கு அதே கேள்வியை என்னைப் பார்த்து ஒருவர் கேட்டார்.

"நான் பெத்தேன், அவ வாங்குனா, அந்தோனியாரு பாத்துக்கிட்டு நின்னாரு. வேற என்னய்யா அத்தாட்சி?" என்றாள் அம்மா.

"அவரு கையெழுத்துப் போடலியே ஆச்சி. அதுவும் ஏழு வயசுக்குள்ள மீக்கணும்ங்கறது வழக்கம். இவருக்கு வயசு எத்தனைங்க?"

"நாப்பது சொச்சம்" என்றேன்.

கோயில் கமிட்டியைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் வேப்பமரத்தடியில் நின்று கால் மணி நேரம் பேசினார்கள். ஏழு வயதுக்கு மேல் மீட்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்றார் ஒருவர். மீட்கலாம் என்றும் எழுதவில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்குக் காது கேட்காது. கடைசியில் தீர்ப்பு வந்தது. வாங்கியவள் உயிரோடிருந்து, அவள் சம்மதித்தால் தடையில்லை.

"அவ வந்திருக்கா" என்றாள் அம்மா. "சொல்லி அனுப்பியிருந்தேன்."

5

கூட்டத்துக்கு வெளியே, அந்தப் பக்கத்து ஆட்கள் நிற்கிற இடத்தில் சவேரியாயி நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, நரைத்த தலை, கையில் ஒரு முறம். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"ஏண்டா, அடையாளமே தெரியலியேடா. தலையில ஒரு மயிரு இல்ல, கப்பல்லயே கொட்டிப்புட்டியா?"

மறுபடி சிரிப்பு. எனக்குக் காது சூடாயிற்று. என்னை 'டா' போட்டுப் பேச அந்தக் கூட்டத்தில் என் அம்மாவைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்கெரித் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கண்ணை அகலத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பானையை அவிழ்த்து மரக்காலில் தவிட்டை அளந்து தலைதட்டினாள். "இந்தா சவேரியாயி. அளவு சரியாப் பாத்துக்க. எம்புள்ளயக் குடுத்துடு."

சவேரியாயி முறத்தை நீட்டவில்லை.

"நான் விக்கல ஆச்சி" என்றாள்.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னாடி சொல்றே?"

"எமன் என் வீட்டுப் படி ஏற மாட்டான், அருவருப்பான்னு சொல்லித்தானே எங்கிட்ட வந்தீங்க. ஏறுனான் ஆச்சி. நீங்க கப்பல் ஏறின வருசம் காலராவுல ரெண்டையும் ஒரே வாரத்துல அள்ளிக்கிட்டுப் போனான். உங்க புள்ளயத் தேடி வந்துதான் எம்புள்ளங்களத் தூக்கிட்டுப் போனான்னு எங்க தெருவுல சொன்னாங்க. நான் சொல்லல. எனக்கு இன்னொண்ணு இருக்கு, சைகோன்ல இருக்கான், பெரிய உத்தியோகம்னு சொல்லிக்கிட்டே நாளத் தள்ளிப்புட்டேன். கேக்கறவங்க சிரிப்பாங்க. சிரிச்சா என்னா? வாங்கினது நெசந்தானே?"

அம்மா தடுமாறிப்போனாள். "அதுக்கு இப்ப என்னாடி செய்யச் சொல்றே? நான் சாகப்போறேன். எனக்கு மண்ணு போட மகன் வேணாமா?"

"எனக்கும் ஆசைதான் ஆச்சி. நான் மண்ணு கேக்கல. எங்க தெருக் குழிமேட்டுக்கு அவன் வர மாட்டான், தெரியும். ஒரே ஒரு வாட்டி, இத்தன பேரு காதுல விழற மாதிரி, என்ன அம்மான்னு கூப்பிடச் சொல்லுங்க. அப்புறம் குடுத்துடறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வீர சூரன் இல்லை என்று எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் ஒரு சொல்தானே, சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தேன். உபதேசியார் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரியப்பா மகன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்குத் தலத்தெருவில் என்ன பேசுவார்கள், அடுத்த கப்பலில் சைகோனுக்கு அது எப்படி வந்து சேரும், போட்டோவில் நிற்கிற இடம்கூட மிஞ்சுமா என்று எல்லாம் ஒரு நொடியில் தோன்றிவிட்டது. திறந்த வாயிலிருந்து சொல் வரவில்லை. என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய்ப் பணப்பையை எடுத்தது.

அதைச் சவேரியாயி பார்த்தாள்.

அப்போதுதான் மார்கெரித் நடுவில் வந்தாள். "அப்பா, இவங்களும் உங்க அம்மாவா?" என்று அவளுடைய விருந்தாளித் தமிழில் தெளிவாகக் கேட்டாள். என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நேரே போய், சைகோனில் எங்கள் வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்குச் செய்வதுபோல, சவேரியாயியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். சவேரியாயி முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு விறைத்து நின்றாள். இரண்டாவது முத்தம் முடிவதற்குள் நான் பாய்ந்து, "மார்கெரித்!" என்று கத்தி, என் மகளின் கையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் நிறுத்திவிட்டேன்.

ஏன் இழுத்தேன் என்று அவள் அன்றைக்கும் கேட்டாள், கப்பலிலும் கேட்டாள். உனக்குத் தெரியாது, அது ஊர் வழக்கம் என்றேன். என் பெரியப்பா மகன்கள் முகம் சுளித்ததைப் பார்த்து என் கை தானாக நீண்டது என்று சொல்லியிருந்தால் அதுதான் உண்மை.

சவேரியாயி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. சந்தையில் ஒரு மாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விடுகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"வேணாம் ஆச்சி" என்றாள். "நீங்களே எடுத்துக்குங்க." முறத்தை நீட்டினாள்.

அம்மா தவிட்டைக் கொட்டினாள். உபதேசியார், "மூணு தடவ சொல்லணும்" என்று ஞாபகப்படுத்தினார். "இது எம்புள்ள இல்ல. இது எம்புள்ள இல்ல. இது எம்புள்ள இல்ல" என்று சவேரியாயி நல்ல உரத்த குரலில் சொன்னாள். இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் கேட்டிருக்கும். மேளக்காரர்கள் அடித்தார்கள். உபதேசியார் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் அந்த முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரோ யாரையோ, "மவனே, மவனே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருடைய பிள்ளையோ காது கேளாமல் நிற்கிறது என்று நினைத்தேன். பெரியப்பா மகன் தோளைத் தட்டி, "உன்னத்தான் கூப்பிடறாங்க" என்ற பிறகுதான் திரும்பினேன். அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் நான் காத்திருந்த சொல் அது. போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எவ்வளவோ முயன்றேன்.

அம்மாவை வண்டியில் ஏற்றி, மார்கெரித்தை ஏற்றினேன். மார்கெரித் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சவேரியாயி வண்டியருகே வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முறத்திலிருந்த தவிட்டை முழுவதுமாக எங்கள் வண்டி மாடுகளுக்கு முன்னால் கொட்டினாள். முறத்தைத் தட்டி உதறினாள். மாடுகள் தின்று முடிக்கும்வரை வண்டிக்காரன் காத்திருந்தான், நாங்களும் காத்திருந்தோம். அந்த நேரத்தில்கூட அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கலாம். ஊரார் யாரும் பக்கத்தில் இல்லை.

வண்டி நகர்ந்தது. அவள் பாதையை விட்டு இறங்கி வரப்பில் ஒதுங்கி நின்றாள். தோள்துணியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டு ஆண்கள் போகும்போது அவர்கள் தெருவில் அப்படித்தான் செய்வார்கள்.

"போயிட்டு வாங்கய்யா" என்றாள்.